குறுந்தந்தியும் மெட்டில்லாத் தண்டியும்

மேனாட்டு இசைக்கருவிகளுள் வயலின் நம்மிடையே வந்து நிலைத்துவிட்டது. கிற்றாரையும் மண்டலீனையும் பெரும்பாலோர் கண்டும் கேட்டும் இருக்கின்றனர். பாஞ்சோ என்னும் கருவியோ பலருக்குப் பெயரளவிலேயே அறிமுகமானது. அப்பெயரும் சிறிது மயக்கந் தருவது. பொத்தான்களை அழுத்தி வாசிக்கப்படும் புல்புல்தாராவையும் தென்னாசியாவின் சில பகுதிகளிலே பாஞ்சோ என்று வழங்குவர். இன்று நாம் எடுத்துக்கொண்டது அமெரிக்க நாட்டுப் பாஞ்சோவாகும். வட்டமான வளையமொன்றிலே தோலைப் போர்த்து, நீண்ட தண்டியொன்றைப் பூட்டி, தந்திகளைக் கட்டி மீட்டுவது அது.

இக்கருவி தொடர்பாக அந்நாட்டிலே பல்லாண்டுகளாக நடைபெற்றுவரும் வேலையொன்று உண்டு. 1920ஆம் ஆண்டுகளிலே செய்யப்பட்ட, நான்கு தந்திகளையுடைய 'ரெனர்' பாஞ்சோவை எடுத்து, அதனை ஐந்து தந்திகளையுடையதாக மாற்றுவர். அவருள் ஒருசிலர் இன்னும் ஒருபடி மேற்சென்று, மெட்டுக்களே இல்லாத தண்டியைப் பூட்டுவர். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது தச்சுவேலையாகவே தோன்றும். ஆயின், ஒரு மக்களினத்தின் வரலாறும், பழம்பொருளொன்றை எங்ஙனம் பேணவேண்டும் என்னும் வினாவும் இதனுள்ளே அடங்கியுள்ளன. முதலில் வரலாற்றைக் கேட்டு, அதன்பின் வேலையைக் கவனிப்போம்.

பாஞ்சோவின் பிறப்புக்கு மூலமானது ஆபிரிக்கா. அதன் மேற்குக் கரையிலே, செனகல், காம்பியா முதலிய நாடுகளில் வாழும் யோலா மக்களிடம் 'அக்கொன்ரிங்' என்னும் கருவி இன்றும் வழக்கிலுள்ளது. சுரைக்குடுக்கையை வெட்டித் தோலைப் போர்த்து, கம்பொன்றைத் தண்டியாகச் செருகி, மூன்று தந்திகளைக் கட்டுவர். அவற்றுள் ஒன்று ஏனையவற்றிலும் குறுகியது. அதனைப் பெருவிரலாலும், நீண்ட தந்திகளைச் சுட்டுவிரல் நகத்தின் புறத்தாலும் கீழ்நோக்கித் தட்டி ஒலிப்பிப்பர். அமெரிக்க மலைநாட்டுப் பாஞ்சோக் கலைஞரின் பழைய கைமுறையும் ஏறத்தாழ இதுவே. இவ்வகையான தோற்போர்வைக் கருவிகள் மேற்கு ஆபிரிக்காவிலே பலவுள்ளன. அடிமைகளாகக் கடல்கடந்து கொண்டுசெல்லப்பட்ட மக்கள் கருவிகளைக் கையிலெடுத்துச் செல்லும் நிலையில் இருந்திலர். கருவியைச் செய்யும் அறிவையும் அதனை மீட்டும் பழக்கத்தையும் அவர்கள் தம்முடன் கொண்டுசென்றனர்.

1687ஆம் ஆண்டு யமேக்காத் தீவுக்குச் சென்ற ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவர், அங்குள்ள ஆபிரிக்கர் சுரைக்குடுக்கையாற் செய்த கருவிகளைக் கண்டு, 1707இல் வெளியிட்ட தமது நூலிலே படத்துடன் குறித்துள்ளார். 1780களிலே வேர்ஜீனியாவைப் பற்றி எழுதிய தோமஸ் ஜெபர்சனும், இது ஆபிரிக்காவிலிருந்து அம்மக்கள் கொண்டுவந்த கருவி எனக் குறிப்பிட்டார். அக்காலத்தை அடுத்துத் தென் கரோலினாவிலே தீட்டப்பட்ட நீர்வண்ண ஓவியமொன்று இன்றும் உள்ளது. அடிமை மக்கள் கூடி ஆடும் அக்காட்சியிலே ஒருவர் பாஞ்சோ மீட்டுகின்றார். அதன் உடல் சுரைக்குடுக்கை. தண்டியிலே மெட்டுக்கள் இல்லை. குறுந்தந்திக்குரிய பிரடை தண்டியின் பக்கத்திலே தெளிவாகத் தெரிகின்றது.

இவ்வோவியம் ஒரு பழங்கதையையும் தீர்த்துவைக்கின்றது. வேர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோயல் சுவீனி என்னும் வெள்ளையரே ஐந்தாவதான குறுந்தந்தியைக் கண்டுபிடித்தவர் என்று நெடுங்காலம் எழுதிவந்தனர். சுவீனி பிறந்தது 1810ஆம் ஆண்டில். அவர் பிறக்குமுன்னரே குறுந்தந்தி ஓவியத்தில் இருக்கின்றது. கருவியை மேடைக்குக் கொண்டுவந்து பரப்பியோருள் அவர் ஒருவர் என்பது உண்மை. குறுந்தந்தியோ ஆபிரிக்க மக்களின் சொத்து.

1840களிலே கருவியின் போக்கு மாறியது. வெள்ளை நடிகர் முகத்திலே கரிபூசிக்கொண்டு, கறுப்பின மக்களை எள்ளி நகையாடும் மேடைக்கூத்துக்கள் 1843இல் நியூயோர்க் நகரிலே பெருவழக்காயின. அவற்றின் முதன்மைக் கருவிகளுள் ஒன்று பாஞ்சோ. எவர்களுடைய கருவியோ அவர்களை இழிவுசெய்யவே அது பயன்பட்டமை வரலாற்றின் கொடுமைகளுள் ஒன்றாகும். அதே காலத்திலே சுரைக்குடுக்கை நீங்கி, வளைத்த மரவளையம் உடலாக அமைந்தது. போல்ற்றிமோர் நகரிலே வில்லியம் பௌச்சர் என்னும் மேளஞ்செய்வார் இத்தகைய பாஞ்சோக்களைத் தொழிலாகச் செய்தார். நான்கு நீண்ட தந்திகளும் ஒரு குறுந்தந்தியும் கொண்ட அமைப்பு நிலைபெற்றது. தண்டி மட்டும் மெட்டில்லாமலே இருந்தது.

உலோக மெட்டுக்கள் பொதுவழக்காயினமை 1870களிலும் 1880களிலுமாகும். பாஞ்சோவை நகரத்துச் செல்வர் வீடுகளுக்கு ஏற்றதாக்கி, மேனாட்டு இசைக்குறிகளைப் பார்த்து வாசிக்க விரும்பியோர்க்கு, ஒவ்வொரு சுரமும் தன்னிடத்திலே உறுதியாக நிற்பது தேவையாயிற்று. 1910ஆம் ஆண்டை அடுத்து நடனக் குழுக்கள் பெருகின. அப்பொழுது மற்றொரு மாற்றம் நேர்ந்தது. சிறு தகடொன்றால் எல்லாத் தந்திகளையும் ஒருசேர அடித்துத் தாளத்தோடு பல சுரங்களை ஒலிப்பிக்கும் வாசிப்பு முறைக்கு, எப்பொழுதும் ஒரே சுரத்தைத் தரும் குறுந்தந்தி இடையூறாயிற்று. அதனை நீக்கினர். தண்டியையும் குறுக்கினர். நான்கு தந்திகளை, வயலினைப்போல, ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியிலே சுருதிகூட்டினர். இதுவே ரெனர் பாஞ்சோ. ஒலிபெருக்கி பரவாத அக்காலத்திலே, நடன மண்டபம் முழுவதும் கேட்கத்தக்க உரத்த ஒலி அதற்கிருந்தது. ஆகவே 1920களிலே ஜாஸ் இசையோடு அது கொடிகட்டிப் பறந்தது. மிச்சிகன் மாநிலத்துக் கிப்சன், பொஸ்ரன் நகரத்து வேகா முதலிய நிறுவனங்கள் சிறந்த மரமும் உலோகமும் கொண்டு மிகுதியாகச் செய்து விற்றன.

அந்தச் சிறப்பு நீடிக்கவில்லை. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியும், கிற்றாரின் எழுச்சியும் ரெனர் பாஞ்சோவை மூலையிலே தள்ளின. ஆயினும் 1945இலே ஏர்ள் ஸ்க்ரக்ஸ் என்னும் இளைஞர் பில் மன்றோவின் குழுவிலே சேர்ந்து ஐந்து தந்திப் பாஞ்சோவை வியக்கத்தக்க விரைவோடு வாசிக்கத் தொடங்கினார். 1948இலே பீற் சீகர் அதனைக் கற்பிக்கும் கைந்நூலொன்றை வெளியிட்டார். இளைஞர் பலர் ஐந்து தந்திக் கருவியைத் தேடலாயினர். சிறந்த பழைய கருவிகளிற் பெரும்பாலானவை நான்கு தந்தியுடையனவாக இருந்தன. பழைய உடலை வைத்துக்கொண்டு புதிய தண்டியைப் பூட்டும் வழக்கம் இவ்வாறு தோன்றியது.

இனி வேலைக்கு வருவோம். நம் வீணையின் உறுப்புப் பெயர்கள் இதனை விளக்கப் போதுமானவை. வீணையின் குடத்துக்கு நிகரானது தோல்போர்த்த வளையம். தண்டியின் தலைப்பிலே தந்திகள் தாங்கும் இடம் மேரு. தோலின்மீது நிற்பது குதிரை. பாஞ்சோவின் குதிரை ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தத்தினாலேயே அது நிற்கின்றது. தந்திகளின் மறுமுனையைப் பற்றியிருப்பதை நாகபாசம் என்றே சொல்லலாம்.

பழைய தண்டியிலேயே ஐந்தாவது பிரடையைத் துளைத்துப் பூட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். அது பயன்தராது. முதலாவது, நான்கு தந்திக்கென இழைத்த தண்டி ஒடுக்கமானது. இரண்டாவது, நீளம் போதாது. மேருவிலிருந்து குதிரைவரை உள்ள தூரம் ரெனர் பாஞ்சோவிலே பெரும்பாலும் 21 முதல் 23 அங்குலம். ஐந்து தந்திப் பாஞ்சோவிலே 26 அல்லது 27 அங்குலம். ஆகவே புதிய தண்டியே வேண்டும்.

அதன் நீளத்தை அளவிடும் முறை எளிது. குதிரை, தோலின் நடுவிலே நிற்பதில்லை. தண்டிப்பக்கத்து விளிம்பிலிருந்து குறுக்களவின் மூன்றிலிரண்டு பங்கு தள்ளி நிற்பதே பெரும்பாலும் நல்லொலி தரும். வளையத்தின் குறுக்களவு 11 அங்குலமாயின், அப்பங்கு ஏறத்தாழ 7⅓ அங்குலம். வேண்டிய தந்தி நீளமாகிய 26 அங்குலத்திலிருந்து அதனைக் கழிக்க, 18⅔ அங்குலம் வரும். மேருவிலிருந்து வளையத்தின் விளிம்புவரை தண்டி அந்நீளம் இருத்தல் வேண்டும். பழைய கருவிகளுட் சில 11 அங்குலத்திலும் குறைந்த குறுக்களவுடையன. எனவே பிறர் சொன்ன அளவை நம்பாது, கையிலுள்ள கருவியை அளந்தே மரத்தை வெட்டுதல் வேண்டும்.

ஐந்தாந்தந்தியின் இடத்தை அறிய நம் இசையறிவே துணைசெய்யும். ஒரு தந்தியின் நீளத்திலே நாலிலொரு பங்கைத் தள்ளி அழுத்தினால் சுத்த மத்திமம் எழும். குறுந்தந்தியின் பிரடை நிற்பதும் அந்த நாலிலொரு பங்கை ஒட்டியே. 26 அங்குலத்திலே அது மேருவிலிருந்து 6½ அங்குலம். எனவே குறுந்தந்தியின் நீளம் 19½ அங்குலம். இன்று மிகுதியாக வழங்கும் சுருதியமைப்பிலே, நான்காந்தந்தி முதலாக முதற்றந்திவரை, மந்தர பஞ்சமம், சட்சம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என அமையும். குறுந்தந்தி மேற்சட்சமாகும். முதற்றந்தியைப் பிரடைக்கு நேரே அழுத்தினால் எழுவதும் அதே சட்சம். தடித்த நான்காந்தந்திக்கு அடுத்திருந்தும், எல்லாவற்றிலும் உயர்ந்த சுரத்தைக் குறுந்தந்தி பேசும். பாட்டு எங்குச் சென்றாலும் பெருவிரல் இதனை இடையிடையே தொட்டுச் சட்சத்தை நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

தண்டிக்கு மேப்பிள், வால்நட், மகோகனி ஆகிய மரங்களுள் ஒன்றை எடுப்பர். நன்கு உலர்ந்து, நேரான இழையோட்டமுடைய மரமாதல் வேண்டும். அன்றேல் தந்தியின் இழுவையால் நாளடைவில் வளையும். வேலையின் கடினமான பகுதி தண்டியும் வளையமும் கூடும் இடமாகும். தண்டியின் அடியை வளையத்தின் வட்டத்துக்கு ஏற்பக் குழிவாகச் செதுக்கி, இடைவெளியின்றிப் பொருந்தச் செய்தல் வேண்டும். தண்டி சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருந்தால்தான் தந்திகள் குதிரையை நன்கு அழுத்தும். பழைய கருவிகளுட் பலவற்றிலே, தண்டியின் அடியிலிருந்து மரக்கோலொன்று வளையத்தை ஊடுருவிச் சென்று மறுபுறத்தைப் பற்றும். வேகா நிறுவனத்தின் கருவிகள் இவ்வகையின. கிப்சன் நிறுவனம் 1920களிலே மரக்கோலை விடுத்து இரும்புக் கோல்களையும் புரியாணிகளையும் கையாண்டது. எம்முறையாயினும், முன்பிருந்த துளைகளையே புதிய தண்டியும் பயன்படுத்துதல் வேண்டும். வளையத்திலே புதிய துளை ஒன்றும் இடலாகாது.

மெட்டில்லாத் தண்டியென்றால் மெட்டுக்களைப் பதியாது விட்டுவிடுவதுதான் என்று எண்ணுதல் கூடாது. மெட்டின் உயரம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். அது இல்லையாயின் விரற்பலகை அந்த அளவுக்கு உயர்ந்திருத்தல் வேண்டும். இல்லையெனில் விரல் தந்தியைத் தேடி ஆழச் செல்லும். மேருவின் வெட்டுக்களையும் தந்தி பலகையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி தாழ்த்துவர். பலகையிலே சிறு மேடுபள்ளம் இருப்பினும் தந்தி இரையும். ஆதலால் நேர்கோல் வைத்துப் பார்த்துப் பார்த்து இழைத்தல் வேண்டும். இசைஞருக்கு உதவியாகப் பலகையின் பக்கவிளிம்பிலே சுரத்தானங்களைச் சிறு புள்ளிகளாற் குறிப்பதுண்டு.

பலகைக்கு உகந்த மரம் கருங்காலி. உருக்குத் தந்திகள் மென்மரத்தை விரைவில் அரித்துவிடும். வட கரோலினாவின் ரவுண்ட் பீக் பகுதியிலே, ரொமி ஜரல், பிரெட் கொக்கராம் ஆகியோரின் மெட்டில்லா வாசிப்புப் புகழ்பெற்றது. அப்பகுதியிலே விரற்பலகையின்மேல் உலோகத் தகட்டையோ, மேசைகளிலே ஒட்டும் போமைக்காத் தகட்டையோ பதிக்கும் வழக்கமும் உண்டு. தகட்டின்மேல் விரல் தடையின்றி வழுக்கும். ஒலியும் தெளிவாக எழும். மரப்பலகையும் நைலோன் தந்தியும் சேர்ந்தால், பழைய குடல்நரம்புக் காலத்து மென்மையான, சற்றே அடங்கிய ஒலி கிடைக்கும்.

தண்டி பொருந்தியபின் எஞ்சுவன சில்லறை வேலைகள். நான்கு கொளுவிடமுள்ள நாகபாசத்துக்கு மாறாக ஐந்துடையதைப் பூட்டுவர். ஐந்து வெட்டுள்ள குதிரையை வைப்பர். 1920களின் கருவிகள் பலவற்றின் பின்புறத்திலே ஒலியை முன்னோக்கித் தள்ளும் மரமூடியொன்று உண்டு. அதனைக் கழற்றிவிட்டால் ஒலி தணிந்து பழைய தன்மை பெறும். கன்றுத்தோற் போர்வை இனிய ஒலி தரும். ஆயின் ஈரக்காற்றிலே அது தளர்வதையும் வெயிலிலே இறுகுவதையும், மிருதங்கத்தை அறிந்த நமக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. இக்காரணத்தால் இன்று பலர் பிளாஸ்ரிக் போர்வையை விரும்புகின்றனர். தந்திகளை ஒரேநாளிலே முழுச்சுருதிக்கு ஏற்றாது, மெல்ல மெல்ல ஏற்றி, தண்டி எவ்வாறு தாங்குகின்றது எனக் கவனித்தல் நலம்.

இத்தனை முயற்சியாலும் அடைவது யாது? மெட்டுள்ள கருவியிலே சுரங்கள் படிக்கட்டுக்கள் போன்றவை. மெட்டில்லாக் கருவியிலே அவை சரிவுப் பாதையாகின்றன. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு விரல் வழுக்கிச் செல்லலாம். இரு சுரங்களுக்கு இடைப்பட்ட இடத்திலும் நிற்கலாம். மேனாட்டுச் சுரவரிசையின் பெரிய காந்தாரத்துக்கும் சிறிய காந்தாரத்துக்கும் இடையே நிற்கும் காந்தாரமொன்றை ஆபிரிக்க அமெரிக்கரின் பாடல்களிலே அடிக்கடி கேட்கலாம். குரல் எளிதாகத் தொடும் அவ்விடத்துக்கு மெட்டுள்ள பாஞ்சோ நேரே செல்லமாட்டாது. கோட்டுவாத்தியத்தைக் கேட்டுப் பழகியவர்க்கு இதன் அருமை உடனே விளங்கும்.

ஆயினும் ஓர் எல்லை உண்டு. தோற்போர்வை தந்தியின் ஆற்றலை விரைவிலே வாங்கி ஒலியாக வெளியிட்டுவிடும். அதனாலேயே பாஞ்சோவின் ஒலி உரத்தெழுந்து உடனே மறைகின்றது. மெட்டு இல்லாதவிடத்து விரலின் தசையும் அதிர்வைத் தணிப்பதால், நாதம் இன்னுஞ் சுருங்கும். எனவே நெடிய வழுக்கல் இங்கு எடுபடாது. தட்டிய கணத்திலேயே விரல் நகர்ந்துவிடுதல் வேண்டும். பல சுரங்களை ஒருசேர அழுத்தித் தூய்மையாக ஒலிப்பிப்பதும் கடினம். இவற்றை விரும்புவோர் மெட்டை நாடுவதே தக்கது.

இனி, நாம் தொடக்கத்திலே குறித்த வினாவுக்கு வருவோம். மாற்றுதல் தகுமா? 1920களின் ரெனர் பாஞ்சோவும் தனக்கென ஒரு வரலாறுடையது. இழைத்துச் செதுக்கி முத்துச்சிப்பி பதித்த அதன் தண்டி, அக்காலத்துத் தொழிலாளரின் கைவண்ணம். மேலும், அது செத்துப்போன கருவியுமன்று. டப்ளினர்ஸ் குழுவிலே வாசித்த பார்னி மக்கென்னா போன்றோர், அதனை அயர்லாந்து நாட்டு இசைக்கு இன்றியமையாத கருவியாக்கினர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஐந்து தந்தி மோகத்தாற் கழற்றி எறியப்பட்ட ரெனர் தண்டிகளைப் பின்வந்தோர் தேடியும் பெறமுடியாது வருந்துகின்றனர். தண்டியை இழந்த உடல் மீண்டும் முழுமை பெறுவது அரிது.

ஆதலால் முறை இதுவாகும். எல்லா உறுப்புக்களும் குறைவின்றி அமைந்த உயர்தரக் கருவியை அவ்வாறே விட்டுவைத்தல் வேண்டும். தண்டி முறிந்ததும், வளைந்ததும், முன்னரே இழக்கப்பட்டதுமான கருவியே மாற்றுவதற்கு ஏற்றது. நல்ல தண்டியுள்ள எளிய கருவியை மாற்றினாலும், கழற்றிய தண்டி, நாகபாசம், குதிரை, பிரடைகள், சிறு புரியாணி ஈறாக யாவற்றையும் சேர்த்துக் கட்டி, கருவியின் பெட்டியிலேயே வைத்தல் வேண்டும். பழைய தண்டியிலே வாள் படலாகாது. நாளை ஒருவர் அதனை மீண்டும் பூட்ட விரும்பினால், ஒரு மணிநேர வேலையாக அது முடிதல் வேண்டும்.

2005ஆம் ஆண்டு வட கரோலினாவின் பூன் நகரிலே, பாஞ்சோ தங்கள் முன்னோரின் கருவி என்பதை எடுத்துரைக்கக் கறுப்பினக் கலைஞரும் ஆய்வாளரும் ஒன்றுகூடினர். அக்கூட்டத்திலே சந்தித்த இளைஞருள் ஒருவரான ரியானன் கிடன்ஸ், 1850களின் அமைப்பைப் பின்பற்றிச் செய்த மெட்டில்லாப் பாஞ்சோவை இன்று உலக மேடைகளிலே வாசித்து வருகின்றார். எள்ளி நகைக்கப் பயன்பட்ட கருவி, உரியவரின் கைகளிலே தன் சொந்தக் குரலைத் திரும்பப் பெற்றிருக்கின்றது.

ரெனர் பாஞ்சோவிலே குறுந்தந்தியைக் கட்டி மெட்டை நீக்குபவரும், அறிந்தோ அறியாமலோ, அக்குரலையே நாடுகின்றார். கருவியின் வரலாற்றிலே பின்னர் வந்த இரு மாற்றங்களை அவர் விலக்கி, முன்னிருந்த நிலையை எட்டிப்பார்க்கின்றார். அவர் இழைக்கும் புதிய தண்டி பழைய ஆபிரிக்க மரபுக்குச் செய்யும் மரியாதை. கழற்றிய தண்டியைப் பத்திரமாகச் சுற்றிவைப்பது, 1920களிலே அதனைச் செதுக்கிய கைகளுக்குச் செய்யும் மரியாதை. இரண்டையும் செய்தவரே அவ்வேலையை முழுமையாகச் செய்தவராவார்.